ஐந்து விளிம்புப் பழம்

லாஸ் நுபேஸ்,
3 நவம்பர் 1996

அன்புத் தம்பி இலாரியோவுக்கு,

அக்கா எர்மெலிண்டா எழுதுவது. நான் நலம். இடது முழங்கால் மட்டும் ஈரக் காற்றுக்கு முணுமுணுக்கிறது. நீயும் சோய்லாவும் சுகமா? தாழ்நாட்டு வெயில் இப்போதே ஆரம்பித்திருக்கும்.

ஒரு புதுச் செய்தி. நம் மாமா மகள் ரெபேக்கா ஹோண்டுராஸ் கடற்கரைத் தோட்டத்தில் வேலை செய்தபோது கொண்டுவந்து கொடுத்த கன்று ஞாபகமிருக்கிறதா? "பழ மரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அமெரிக்கா போய்விட்டாள். ஆறு வருடம் சமையலறைக்குப் பின்னால் சும்மா நின்ற அந்த மரம் இந்த வருடம் காய்த்திருக்கிறது. மஞ்சள் நிறம், மெழுகு பூசினாற்போல் மினுமினுப்பு, உடம்பில் ஐந்து விளிம்புகள். குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு நட்சத்திரம். ஊரில் யாரும் இதைப் பார்த்ததில்லை.

தின்னலாமா கூடாதா? வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுத்தேனோ அப்படியே செய்தேன். ஒரு துண்டைக் கோழிக்குப் போட்டேன். கொத்தியது, மறுநாள் முட்டையும் இட்டது. பிறகு விரல் நகம் அளவு உப்புத் தொட்டு நானே வாயில் போட்டுக்கொண்டு, ஜபமாலையைக் கையில் பிடித்து ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு பசிலியோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "டீச்சர், செத்துட்டீங்களா? செத்தா சொல்லுங்க, பெட்டிக்குப் பலகை இருக்கு" என்று கத்திக்கொண்டே இருந்தார். சாகவில்லை. முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் திராட்சை வாசனை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாற்பத்திரண்டு பேருக்கு அறுத்துக் கொடுத்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விவசாய அலுவலகத்துக்காரர் இதற்குக் கரம்போலா என்று பெயர் சொன்னார். உனக்குப் பன்னிரண்டு பழம் பஸ் கண்டக்டர் ஓனோஃப்ரே கையில் அனுப்புகிறேன்.

இன்னொன்று. சர்க்கரை ஆலையில் ஆள் எடுக்கும் முன் செய்யும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாயா? நம் கூடப்பிறந்த தொபியாஸ் முப்பத்தொன்பது வயதில் இதே கரும்புக் காட்டில் சிறுநீரகம் போய்ச் செத்ததை நான் மறக்கவில்லை. உன் கிரியாட்டினின் எண் என்ன என்று எழுது; அது ஒன்றைத் தாண்டி ஏற ஏறச் சிறுநீரகம் கெடுகிறது என்று அர்த்தம். எண்ணை எழுது, "நன்றாக இருக்கிறது" என்று எழுதாதே.

உன் அக்கா,
எர்மெலிண்டா

*

எல் ஹிகாரோ,
16 நவம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்காலுக்குச் சோய்லா ஒரு களிம்பு அனுப்புகிறாள்.

எண் 0.9. ஆலைக் காகிதத்தில் முத்திரையோடு இருக்கிறது. எனக்கு வெட்டு வேலை கிடைத்துவிட்டது. போன திங்கட்கிழமை அரவை தொடங்கியது.

பழம் நசுங்காமல் வந்தது. முகாமில் பிரித்தபோது கூட்டம் கூடிவிட்டது. "இது பழமா, விளக்குக் கூண்டா?" என்றான் ஒருவன். மேஸ்திரி ருத்திலியோ ஒரு துண்டைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "இலாரியோ, உங்கக்கா வானத்துல இருந்து திருடி அனுப்புறாங்கடா" என்றார். கரும்பு எரித்த சாம்பல் தொண்டையில் ஒட்டிக்கிடக்கும்போது இதைக் கடித்தால் எப்படி இருக்கும் தெரியுமா? உள்ளே யாரோ குழாயைத் திறந்துவிட்டது போல இருக்கிறது.

இன்னும் இருந்தால் அனுப்புங்கள். முடிந்தால் கொஞ்சம் அதிகமாக.

தம்பி,
இலாரியோ

*

லாஸ் நுபேஸ்,
25 நவம்பர் 1996

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். களிம்பு வந்தது, மிளகாய் அரைத்ததோ என்று நினைக்கும்படி எரிகிறது, ஆனால் கால் மடங்குகிறது. சோய்லாவுக்கு என் முத்தம்.

0.9! உன் கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். ஒரு உதாரணம் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளையின் விடைத்தாளை மட்டும் கடைசியில் திருத்துவேன், பயத்தில். அதில் நல்ல மதிப்பெண் இருந்தால் அன்றைக்கு மற்றவர்களுக்கும் அரை மதிப்பெண் கூடக் கிடைக்கும். இன்றைக்கு என் கோழிகளுக்குக்கூட ஒரு கை சோளம் அதிகம்.

ஒரு பெட்டி நிறையப் பழம் அனுப்புகிறேன். மரம் கொட்டுகிறது. பசிலியோவும் தினம் ஒன்று கேட்டு வாங்கிப் போகிறார். அவர் மகள் எடெல்மிரா, "அப்பா, டீச்சரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு மரத்தடியிலேயே இருந்துடுங்க" என்று கிண்டல் செய்கிறாள். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வருடம் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை அவள். இப்போது அவள் தலையிலும் நரை.

நிழலில் உட்கார். தண்ணீர் குடி. தொபியாஸ் தண்ணீர் குடிக்க நேரமில்லை என்பான்.

உன் அக்கா

*

எல் ஹிகாரோ,
6 டிசம்பர் 1996

தம்பி நெஸ்தோருக்கு,

அக்கா சோய்லா எழுதுவது. நீ ஆற்றுக்கு அக்கரை முகாமில் சுகமா? தண்ணீர் லாரி டிரைவரிடம் இதைக் கொடுக்கிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

உன் மச்சானின் கால் வீங்குகிறது. காலையில் பூட்ஸ் ஏறவில்லை. போன மே மாதம் டவுனில் பார்த்தபோதே எண் மூன்றே முக்கால் என்று உனக்குத் தெரியும். ஆலையில் ஆள் எடுத்தபோது அவருடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய் நீ கையை நீட்டி இரத்தம் கொடுத்தாய். நர்ஸ் முகத்தை உற்றே பார்க்கவில்லை, மீசையை மட்டும் பார்த்து விட்டுவிட்டாள் என்று இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இப்போது அந்தக் காகிதத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

அண்ணி அனுப்பிய பழத்தைச் சாறு பிழிந்து காலையும் மாலையும் குடிக்கிறார். சிறுநீரகத்தைக் கழுவிவிடும் என்று யாரோ முகாமில் கிளப்பிவிட்டார்கள். அவரைப் போலவே இரண்டு மூன்று பேர் ஒளித்து ஒளித்துக் குடிக்கிறார்கள். அவர் நம்புகிறார். நேற்று, "பாரு, இன்னைக்கு மூச்சு வாங்கல" என்றார். வாங்கியது, நான் கேட்டேன்.

அண்ணிக்கு எழுதிவிடட்டுமா?

அக்கா சோய்லா

*

அக்கரை முகாம்,
9 டிசம்பர் 1996

அக்காவுக்கு,

நான் நலம். எழுதாதே. டீச்சரம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் வந்து மேஸ்திரி முன்னால் நின்று பாடம் எடுப்பார்கள். மச்சானும் நானும் ஒரே நாளில் வெளியே போவோம். வீடும் ஆலை வீடு. அறுவடை முடியும் ஏப்ரல் வரை பல்லைக் கடித்துக்கொள். பழச்சாறுதானே, குடித்துவிட்டுப் போகட்டும்.

கிழித்துவிட்டேன். நீயும் கிழி.

நெஸ்தோர்

*

எல் ஹிகாரோ,
15 டிசம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பெட்டி வந்தது, காலியும் ஆகிவிட்டது. முகாமில் பத்தொன்பது பேர் குடிக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு பெட்டி கிடைக்குமா? பஸ் கூலி நான் தருகிறேன்.

சாறு குடித்த அவசரத்தில் நேற்று எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. வெட்டும்போது ஒவ்வொரு விக்கலுக்கும் கத்தி தவறியது. பக்கத்து வரிசையில் இருந்தவன், "ஆலைச் சங்கு வேண்டாம், உன் விக்கலே போதும்" என்றான். இரவுக்குள் நின்றுவிட்டது.

மற்றபடி விசேஷம் இல்லை. வேலை வழக்கம்போல.

தம்பி,
இலாரியோ

*

லாஸ் நுபேஸ்,
23 டிசம்பர் 1996

அன்புத் தம்பிக்கும் சோய்லாவுக்கும்,

பிறப்புப் பெருவிழா வாழ்த்துகள். நான் நலம். கைகள் முழுக்க வாழையிலை வாசனை. பண்டிகைக்குச் சோள மாவுத் தமால் நூற்றிருபது கட்டியிருக்கிறேன். நாளைக் காலை ஓனோஃப்ரே இரண்டு பெட்டிப் பழமும் இருபது தமாலும் கொண்டுவருவார்.

விக்கல் உனக்கு மட்டுமில்லை. பசிலியோவுக்கு நேற்றுக் காலையிலிருந்து விடாமல் விக்குகிறது. எடெல்மிரா விக்கும் குழந்தைக்கு வைப்பது போலச் சிவப்பு நூலை நனைத்து அவர் நெற்றியில் ஒட்டிவைத்திருக்கிறாள். அந்தக் கோலத்தோடு வேலிக்கு வந்து, "டீச்சர், விக், எனக்குப் பல் முளைக்குதாம்" என்றார். ஊரே சிரிக்கிறது.

சாறாகக் குடிக்காமல் கடித்துத் தின்னுங்கள். அவசரம்தான் விக்கலுக்குக் காரணம்.

உன் அக்கா

*

லாஸ் நுபேஸ்,
27 டிசம்பர் 1996

இலாரியோ,

இதைப் படிக்கும்போது கையில் அந்தப் பழம் இருந்தால் கீழே வை.

பசிலியோவை நேற்று அவாச்சபான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நான்கு நாள் விக்கல் நிற்கவில்லை, தூக்கமில்லை. பிறகு எடெல்மிராவைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார். கை இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எடெல்மிரா சொன்னாள்: அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு மூன்று வருடமாகிறது, பரிதாபப்படுவார்கள் என்று யாரிடமும் சொல்ல விடவில்லை.

டாக்டருக்கும் காரணம் தெரியவில்லை. நான் வாசலில் உட்கார்ந்து கணக்குப் பாடம் போல யோசித்தேன். இந்த ஊரில் நாற்பத்திரண்டு பேர் அந்தப் பழத்தைத் தின்றோம், நான் அவரைப் போலவே தினமும் தின்றேன். விக்கல் வந்தது ஒருவருக்கு. நாற்பத்தொரு பேரிடம் இல்லாத எது அவரிடம் இருந்தது? சிறுநீரக நோய்.

அப்புறம் உன் கடிதம் நினைவுக்கு வந்தது. இரண்டு வரி, விளையாட்டாக எழுதியது.

என் யோசனை தவறாக இருக்கலாம். ஒரே ஒரு உதாரணத்தை வைத்து விதி எழுதக் கூடாது என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்வேன். அதனால் கேட்கிறேன். 0.9 உன்னுடைய எண்தானா? ஆமாம் என்றால் நான் வீண் பயம் கொண்ட கிழவி, சிரித்துவிட்டுப் போ. இல்லை என்றால் அந்தப் பெட்டிகளைக் குழி தோண்டிப் புதை, உடனே டாக்டரிடம் போ.

தொலைபேசி அலுவலகத்துக்குப் போய் ஆலை எண்ணைக் கேட்டு, காதில் வைத்தும் விட்டேன். "யாருங்க? என்ன வேணும்?" என்று ஒரு குமாஸ்தாவின் குரல். என்ன கேட்பேன்? "என் தம்பியின் காகிதம் உண்மையா?" என்றா? அந்த ஒரு கேள்வியே உன் வேலையைத் தின்றுவிடும். வைத்துவிட்டேன். செய்தது சரியா என்று தெரியவில்லை. ஓனோஃப்ரேயிடம், கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி இதை அனுப்புகிறேன்.

பதில் எழுது. ஒரு வார்த்தை போதும்.

அக்கா

*

எல் ஹிகாரோ,
2 ஜனவரி 1997

அண்ணிக்கு,

சோய்லா எழுதுகிறேன். உங்கள் உடல்நலம் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன், நன்றாக இருங்கள்.

பண்டிகையில் பஸ் இரண்டு நாள் ஓடாததால் உங்கள் கடிதம் முப்பதாம் தேதி மதியம்தான் வந்தது. ஓனோஃப்ரேயால் அதை என் கையில்தான் கொடுக்க முடிந்தது. உங்கள் தம்பி அதற்கு முந்தைய நாளிலிருந்தே ஆலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். கிறிஸ்துமஸ் பழம் வந்த அன்றே நான்கு டம்ளர் குடித்தார். மறுநாள் விக்கல் பிடித்தது, விடவேயில்லை. என்னைப் பார்த்து, "தொபியாஸ், ஏணியப் பிடிடா" என்றார்.

டாக்டர் ஆலைக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கிட்னி நல்லாத்தாம்மா இருக்கு, 0.9. பண்டிகையில குடிச்சிருப்பாரு. தெளிஞ்சதும் எழுந்திருப்பாரு" என்றார். உங்கள் கடிதம் என் மார்புக்குள் இருந்தது. மேஸ்திரி ருத்திலியோ கட்டில் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். வெளியே போவார் என்று காத்திருந்தேன். போகவில்லை. அண்ணி, கால் மணி நேரம் காத்திருந்தேன். அந்தக் கால் மணி நேரத்துக்குச் சாமிதான் என்னை மன்னிக்க வேண்டும்.

பிறகு அவர் உடம்பு வில் மாதிரி வளைந்தது. நான் கத்திவிட்டேன். "அது அவரு ரத்தம் இல்ல டாக்டர்! எந்தம்பி ரத்தம்! அவருக்கு மே மாசமே மூணே முக்கா!" டாக்டர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். "ஏம்மா, இதை இப்பவா சொல்ற?" என்றார். மேஸ்திரி தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

அன்றே சான் சல்வதோருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டார்கள். இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு விக்கல் நின்றது. நான் துணி எடுக்க வந்தேன், நாளை திரும்பிப் போகிறேன். நெஸ்தோருக்கு வேலை போய்விட்டது. வீட்டை இம்மாதம் பதினைந்துக்குள் காலி செய்ய வேண்டும்.

உங்களிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். எழுதட்டுமா என்று கேட்கவும் செய்தேன், தவறான ஆளிடம் கேட்டேன்.

சோய்லா

*

லாஸ் நுபேஸ்,
8 ஜனவரி 1997

அன்பு சோய்லாவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு உட்கார்ந்தேன். நீ கத்தினாய், நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அதனால் உன்னைக் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

பசிலியோ இரண்டாம் தேதி இறந்துவிட்டார். அவர் எனக்கென்று சொல்லிச் சொல்லிக் கேலி செய்த பலகையில் அவருக்கே பெட்டி செய்தார்கள். அடக்கத்தில் எடெல்மிரா என் பக்கம் திரும்பவில்லை. காப்பி கொண்டுபோனேன், வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு என்ன சொல்வது? நாற்பத்திரண்டு பேர் சாப்பிட்டுப் பிழைத்ததால் நல்ல பழம் என்று தீர்ப்பு எழுதியவள் நான். அதற்குப் பிறகும் அவர் கேட்ட ஒவ்வொரு பழத்தையும் பறித்துக் கொடுத்தது என் கை.

இப்போது முக்கியமானதைக் கேள். முகாமில் பத்தொன்பது பேர் குடித்ததாக இலாரியோ எழுதியிருந்தான். விக்கல் வந்தவர்கள் அவர்களுக்குள் இருப்பார்கள். ஒவ்வொருவரின் மனைவியிடமும் தனியாகப் போய்ச் சொல். இனித் தொடக் கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். காகிதத்தைப் பற்றி யாரிடமும் கேட்காதே, அவர்களுக்கே தெரியும். வீட்டைக் காலி செய்யப் போகும்போது இதைச் செய்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு.

எர்மெலிண்டா

*

சான் சல்வதோர்,
30 ஜனவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னியுங்கள். உங்கள் முழங்கால் எப்படி?

எண் 7.4. இது என்னுடையது.

வாரம் இரண்டு நாள் இயந்திரம். சோய்லாவின் சித்தி மகள் வீட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறாள். நெஸ்தோர் இங்கே சந்தையில் மூட்டை தூக்குகிறான். என்னைப் பார்க்க வந்து, "மச்சான், என் ரத்தம் நல்ல ரத்தம், அதான் உங்களுக்கு ஒத்துக்கல" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவன் அழுதான். பசிலியோ அண்ணனைப் பற்றிச் சோய்லா சொன்னாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் சொன்னபடி சோய்லா பெண்களிடம் பேசியிருக்கிறாள். பத்தொன்பதில் ஐந்து பேருக்கு விக்கல் வந்திருந்தது. ஐந்து பேருமே வேறு ஆளின் கையை நீட்டியவர்கள். அதில் ஒருவன் பயந்துபோய் ஆலை ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மேஸ்திரிக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா, நான் ஒரு தவறு செய்துவிட்டேன். முந்தாநாள் ருத்திலியோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். அன்பாகத்தான் பேசினார். "உங்கக்கா ஊரு எது? அந்தப் பழம் இன்னும் இருக்கா?" என்றார். நான் ஊர்ப் பெயர் சொன்னேன், தேவாலயத்துக்கு எந்தப் பக்கம் வீடு என்றுகூடச் சொன்னேன். கிளம்பும்போதுதான், "கையை மாத்தலாம் இலாரியோ, நாக்கை மாத்த முடியாதுல்ல" என்றார். அவர் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. இப்போதே வெட்டுக்காரர்களை வரிசையில் நிறுத்தி, பிறகு ஒவ்வொரு சீசனிலும் ஆள் எடுக்கும்போதும், ஒவ்வொருவனுக்கும் ஒரு துண்டு கொடுக்கப் போகிறார். விக்கியவன் வீட்டுக்கு.

விக்கி முடிந்தபின் அவன் என்ன ஆவான் என்று அவர் கேட்கவில்லை. முந்நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். எத்தனை பேருடைய காகிதம் பொய் என்று எனக்குத் தெரியும், பெயரோடு தெரியும்.

அவர் வருவார். என்ன செய்வீர்களோ தெரியவில்லை. எழுதுங்கள்.

தம்பி,
இலாரியோ

*

லாஸ் நுபேஸ்,
11 பிப்ரவரி 1997

அன்புத் தம்பி இலாரியோவுக்கு,

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆலைப் பிக்கப் வண்டி என் வாசலில் நின்றது. பின்னால் பன்னிரண்டு காலிப் பெட்டிகள். எண்ணினேன்.

ருத்திலியோ நல்ல மரியாதை தெரிந்த மனிதர். தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் படியேறினார். உன் உடல்நலம் கேட்டார். காப்பி கொடுத்தேன். "டீச்சரம்மா, உங்க பழத்தால ஆலைக்கு ஒரு பெரிய உபகாரம்" என்று ஆரம்பித்தார். "ஊசி வேணாம், லேப் வேணாம், ஏமாத்தவும் முடியாது. ஆளுக்கு ஒரு துண்டு."

"ஒரு ஆள் செத்திருக்காருங்க" என்றேன்.

"ஒரு துண்டுலயா செத்தாரு? பெட்டி பெட்டியாத் தின்னிருப்பாரு. நான் அவங்களக் காப்பாத்தத்தானே பாக்கறேன். நோயாளி வெட்டுக்குப் போனா செத்துருவான்ல?"

ஒரு பாதி அவர் சொன்னது சரி, இலாரியோ. அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. யாருக்கு எத்தனை துண்டு தாங்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, நம் டாக்டர்களுக்கும் தெரியாது. நான் ஒரு முறை பரீட்சை வைத்துப் பார்த்துவிட்டேன். இன்னொரு முறை வைக்க மாட்டேன்.

"அறுவடைக்கு முன்னாடி நல்ல டாக்டரை வெச்சு, ஒவ்வொருத்தர் முகத்தையும் அட்டையையும் பாத்து ரத்தம் எடுங்க. நோய் இருந்தா வெயில்ல நிக்காத வேலை குடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "அதுக்கு மேல இருக்கறவங்க ஒத்துக்கணும். மரம் எங்க இருக்கு, காட்டுங்க."

சமையலறைக்குப் பின்னால் மரம் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பதினைந்து அடி. பழம் ஒன்று விழுந்தால் சத்தம் கேட்கும். நான் எழுந்து, அவரை முன்வாசல் வழியாக, காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்கும் நிழல் மரத்தடிக்கு அழைத்துப் போனேன். விறகுக்குத் தவிர எதற்கும் ஆகாத காட்டு மரம். அவர் பழத்தைத்தான் பார்த்திருக்கிறார், மரத்தைப் பார்த்ததில்லை.

"இதுதாங்க. காய்ப்பு முடிஞ்சு போச்சு" என்றேன்.

நாற்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவள் நான். என் குரல் நடுங்கவில்லை என்பதுதான் எனக்கே பயமாக இருந்தது. அவர் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார். அண்ணாந்து கிளை கிளையாகப் பார்த்தார். "ஒரு காம்பு கூட இல்லையே" என்றார்.

அப்போது எடெல்மிரா தண்ணீர்க் குடத்தோடு வேலியோரம் வந்தாள். கறுப்பு உடை. அவர் அவளைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஏம்மா, நீ பக்கத்து வீடுதானே? அந்த நட்சத்திரப் பழம் காய்ச்ச மரம் இதுதானா?"

தம்பி, அவளுக்கு என்மேல் எவ்வளவு கோபம் என்று உனக்கு எழுதியிருக்க மாட்டேன். அடக்கம் முடிந்ததிலிருந்து என் நிழல் விழுந்த பாதையில்கூட அவள் நடப்பதில்லை. ஒரு விரலை என் சமையலறைப் பக்கம் நீட்டினால் போதும். பெட்டிகளோடு வண்டி நிற்பதைப் பார்த்தாள். ஆலையின் பெயர் எழுதிய கதவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. வண்டி எதற்கு வந்திருக்கிறது என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. நான் சொல்ல அவள் நின்றதுமில்லை. ஆனால் உன் கடிதத்தையும், மேஸ்திரி எதற்கு வருவார் என்று நெஸ்தோர் வாய்மொழியாகச் சொல்லியனுப்பியதையும் ஓனோஃப்ரே கொண்டுவந்தபோது அவள் அதே பஸ்ஸில் இருந்தாள். இந்த ஊரில் ஓனோஃப்ரேக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும்.

குடத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டாள்.

"இதேதான். எங்கப்பா இதைத் தின்னுதான் செத்தாரு" என்றாள்.

ருத்திலியோ தொப்பியை மார்பில் வைத்துத் தலை குனிந்தார். பிறகு மரத்தடியில் முளைத்திருந்த கன்றுகளில் ஒரு டஜன் கேட்டார். ஆலைத் தோட்டத்தில் நட்டு வளர்ப்பாராம். வேரோடு பெயர்த்து, டின்களில் மண் நிரப்பி, நானே வண்டியில் ஏற்றிவிட்டேன். காய்க்க ஆறேழு வருடமாகும், பொறுமை வேண்டும் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

உன் எண்ணை மாதம்தோறும் எழுது. குறைந்தாலும் ஏறினாலும் எழுது. சோய்லாவைச் சாப்பிடச் சொல். நெஸ்தோர் மூட்டையை முதுகு வளைத்துத் தூக்க வேண்டாம், காலை மடக்கித் தூக்கட்டும். என் முழங்கால் பரவாயில்லை.

வண்டி மறைந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். எடெல்மிரா இன்னும் வேலியோரமே நின்றிருந்தாள். ஏதாவது பேசுவாள் என்று நினைத்தேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கேட்டைத் திறந்து உள்ளே வந்து, நேராக என் சமையலறைக்குப் பின்னால் போனாள். நானும் பின்னால் போனேன். கோடாலி எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். இருட்டும்வரை இருவரும் மாறி மாறி வெட்டினோம்.

உன் அக்கா,
எர்மெலிண்டா